வடலூர் தருமச்சாலை: பந்தியில் கடைசி இலை தேடுகிறவனின் விமர்சனம்

ஹோட்டல் விமர்சனம் எழுதிப் பழகிய கை இது. பரோட்டா மாஸ்டரின் கைவாகு, பிரியாணியில் துண்டு எத்தனை, மெஸ்ஸில் இரண்டாவது தடவை குழம்பு கேட்டால் முகம் சுளிக்கிறார்களா, இப்படித்தான் இதுவரை எழுதியிருக்கிறேன். இந்த முறை பில் போடாத ஓர் இடம். கடலூர் மாவட்டம், வடலூர், சத்திய தருமச்சாலை. 1867-ஆம் வருடம் மே 23-ஆம் தேதி வள்ளலார் தொடங்கிவைத்த அந்த அடுப்பு அன்றிலிருந்து அணையாமல் எரிகிறது என்று நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். படித்ததோடு சரி. அத்தை வீடு பண்ருட்டியில் இருந்தும், 43 வயது வரை நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் இந்த விமர்சனத்தைப் படித்து உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் ஓரத்து இலை எங்கே காலியாக இருக்கிறது என்று பார்த்து உட்காருகிறவன் நான். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் "எங்க போறீங்க சார்" என்று ஆரம்பித்தால் தூங்குவதுபோல் பாவனை செய்வேன். மனிதர்கள் மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது, கொஞ்சம் தள்ளி நின்றால்தான் எனக்கு அவர்களைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். இதை ஒரு வியாதி மாதிரி பார்த்த ஆபீஸ் நண்பர் ஒருவர் போன வருடம் என்னை ஒரு வார இறுதிப் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போனார். பெயர் வேண்டாம். கடற்கரையோர ரிசார்ட், ஏசி ஹால், இரண்டு நாளுக்கு அவர்கள் வாங்கிய தொகையை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை. "நான் என்பதைக் கரையுங்கள், எல்லோரும் ஒன்றாகுங்கள்" என்று மைக்கில் ஒருவர் சொல்லச் சொல்ல, முன்பின் தெரியாத ஒருவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி அழவேண்டும். எனக்கு ஜோடியாக வாய்த்தவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது, பாவம். எனக்கு வரவில்லை. அவருடைய கை வியர்த்திருந்தது, என்னுடையதும்தான். "சிலர் இன்னும் தங்களைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள்" என்றது மைக். அந்தச் சிலர் நான்தான் என்பது ஹாலில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். முடிந்ததும் ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்தார்கள். காலை வணக்கம், ரோஜாப்பூ, அடுத்த கட்டப் பயிற்சிக்கு முப்பது சதவீதம் தள்ளுபடி. மூன்றாம் நாள் சத்தமில்லாமல் வெளியேறிவிட்டேன்.

இந்தக் கதையை அத்தையிடம் போனில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். மாதப் பூசம் தவறாமல் வடலூருக்கு ஒரு சிப்பம் அரிசி கொண்டுபோய்க் கொடுக்கிறவர் அவர். "அழறதுக்குப் போயி காசு குடுத்தியாடா நீ? எங்கூட வா. அங்க யாரும் அழச் சொல்ல மாட்டாங்க. சாப்பிட்டா போதும்."

சரி, போனோம்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு: கிளாம்பாக்கத்தில் கும்பகோணம் பஸ் ஏறினால் விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி வழியாக வடலூர் வந்துவிடும். பலாப்பழக் காலமாக இருந்தால் பண்ருட்டிக்கு முன்னாலேயே மூக்கு சொல்லிவிடும். வடலூர் நாற்சந்தியில் கடலூர் – விருத்தாசலம் சாலை குறுக்கே போகிறது. நெய்வேலி பக்கத்திலேயே இருப்பதால் லாரியும் புழுதியும் நிறைய. ஷேர் ஆட்டோ உண்டு, வெயில் இல்லையென்றால் நடந்தே போகலாம்.

புழுதிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் கண் முன்னால் பெருவெளி. பெயருக்கேற்றபடி வெளி மட்டும்தான். பார்வதிபுரத்துக்காரர்கள் அந்தக் காலத்தில் வள்ளலாருக்கு 80 காணி நிலம் எழுதிக் கொடுத்தார்கள், அதில்தான் தருமச்சாலையும் சத்திய ஞான சபையும். ஒரு ஊர்க்காரர்கள் தங்கள் விளைநிலத்தை, கோபுரமோ அரண்மனையோ கட்டிக்கொள்ளாத ஒரு மனிதரிடம், யார் யாரோ வந்து சாப்பிட்டுப் போவதற்காகத் தூக்கிக் கொடுத்ததை யோசித்தால் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கிறது. 2024-ல் இந்த வெளியில் அரசு சர்வதேச மையம் கட்ட ஆரம்பித்து, வள்ளலார் வழியில் நடக்கிற சன்மார்க்கிகளும் ஊராரும் எதிர்த்து, விஷயம் நீதிமன்றம் வரை போனது பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் காலியாகக் கிடக்கும் இடத்தை ஏன் அப்படி உயிரைக் கொடுத்துக் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்பது அங்கே ஐந்து நிமிடம் நின்றால் புரிந்துவிடும். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து நிற்கிற இடம், நான் போன அன்று அதில் இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

இனி சாப்பாடு.

அடுப்பைப் பார்க்காமல் சாப்பிடக்கூடாது என்றார் அத்தை. 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், அதே ஆழம். பெரிய அண்டாக்களை வரிசையாக ஏற்றி வைக்கிற மாதிரி நீளவாக்கில் கட்டிய கோட்டை அடுப்பு. பக்கத்தில் போனாலே கெண்டைக்காலில் அனல் அடிக்கிறது. இதற்கு மாலை மரியாதை எல்லாம் உண்டு, ஆனால் எனக்கு அதைப் பார்த்ததும் வந்த முதல் நினைப்பு பக்தி இல்லை, கணக்கு. 1867. அதற்கு முந்தின வருடம் சென்னை மாகாணத்தில் பல இடங்களில் பஞ்சம். பத்து வருடம் கழித்து 1876-லிருந்து 78 வரை தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் கிழவிகள் சொல்கிற பெரும்பஞ்சம். இரண்டுக்கும் நடுவில் ஒருத்தர் அடுப்பைப் பற்றவைத்து, இது அணையக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அணையாத விளக்கு ஏற்றுகிற சாமியார்களை நமக்குத் தெரியும். அணையாத அடுப்பு என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமென்றால் அவர் நிறைய ஒட்டிய வயிறுகளைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். பெண்கள் வரிசையில் அத்தை போய்விட்டார். நான் வழக்கம்போல ஓரத்து இலையைத் தேடினேன். இங்கே அந்தச் சௌகரியம் கிடையாது, வந்த வரிசைப்படி உட்காரவேண்டும். எனக்கு வலது பக்கம் ஒரு பையன், சட்டைப்பையில் ஒப்பந்தத் தொழிலாளி அடையாள அட்டை, ஷிப்டு முடிந்து நேராக வந்திருப்பான் போல, முழங்கை வரை கரி. இடது பக்கம் எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர், வெள்ளைத் துண்டால் தலையை முக்காடு போட்டிருந்தார். எதிர் வரிசையில் ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும், அதில் சின்னது இலையைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டியது. பெயர் என்ன, ஊர் எது, எத்தனை பேர், நன்கொடை ஏதாவது? ஒன்றும் கேட்கவில்லை. பரிமாறுகிறவர் என்னிடம் மொத்தமாகக் கேட்டது ஒரே வார்த்தைதான்: "சோறு?"

சோறு, சாம்பார், பூசணிக்காய்ப் பொரியல், ரசம். ருசியைப் பற்றி எழுதவேண்டும் அல்லவா. சூடாக இருந்தது. உப்பு சரியாக இருந்தது. வீட்டில் செவ்வாய்க்கிழமை வைக்கிற சாம்பார் மாதிரி, தன்னைப் பற்றி ஒன்றும் பீற்றிக்கொள்ளாத சாம்பார். இதைச் சாப்பிடத்தான் சென்னையிலிருந்து வந்தேன் என்று சொன்னால் நாக்கு நம்பாது, வயிறு நம்பும். கேட்கக் கேட்கப் போடுகிறார்கள், வீணாக்கினால்தான் பார்வை மாறுகிறது. அது நியாயம்.

ரசம் வந்தபோதுதான் அந்தச் சின்ன விஷயம் நடந்தது. நான் உட்கார்ந்த இடத்தில் தரை லேசாக வாட்டம். சோற்றில் குழி செய்து ரசம் வாங்கியும் அது கரை உடைத்து இலையின் ஓரத்துக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. கையால் அணை கட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை, இன்னும் கொஞ்சம் விட்டால் என் பேண்ட்டுக்கு வந்துவிடும். இடது பக்கத்துப் பெரியவர் தன்னுடைய இலையின் நுனி நரம்பை ஒரு விரல் நீளம் கிள்ளி, இரண்டாக மடித்து, என் இலையின் ஓரத்துக்கு அடியில் சொருகினார். இலை அரை அங்குலம் தூக்கிக்கொண்டது, ரசம் திரும்பி உள்ளே போனது. அவ்வளவுதான். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சிரிக்கவில்லை. நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் தன் சோற்றுக்குத் திரும்பிவிட்டார், நான் எழுந்து கை கழுவுகிற வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ரிசார்ட்டில் இரண்டு நாள் கையைப் பிடித்துக்கொண்டு வராதது இங்கே ஒரு இலை நரம்பில் வந்துவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அப்போது அழுகையெல்லாம் வரவில்லை, பொய் சொல்லக்கூடாது. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன். அதுதான் நடந்தது.

அப்புறம் பஸ்ஸில் திரும்பும்போது போனில் வள்ளலாரின் ஜீவகாருண்ய ஒழுக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். உரைநடை, சின்ன நூல்தான். பசி வந்தால் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று ஒரு பகுதி வருகிறது. சக்கரவர்த்தி தன் அதிகாரத்தையெல்லாம் மறந்து, பக்கத்தில் நிற்கும் அமைச்சரிடம் பசிக்கிறதே என்ன செய்வது என்று எளியவன்போலக் குறைபட்டுக்கொள்கிறான். மார்பில் அம்பு தைத்தாலும் அசராத வீரன் பசிக்கு அசந்துபோகிறான். உலகத்தையே துறந்துவிட்டுக் காட்டில் உட்கார்ந்த முனிவர் நிஷ்டை கலைந்து ஊரைப் பார்த்துப் பிச்சைக்கு நடக்கிறார். மானம் போனால் உயிரை விட்டுவிடக்கூடியவர், சொல்லக்கூடாத ஆளிடம் போய்ச் சொல்லி மானத்தை இழக்கிறார். ஒவ்வொரு ஆளாக, அவரவருடைய தனித்தன்மை எதுவோ அதைப் பசி பிடுங்கிக்கொள்வதை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார் மனிதர்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு அந்தப் பயிற்சி வகுப்பில் எது இடித்தது என்று பிடிபட்டது. அங்கே "நான்" கரைவதை ஏதோ பெரிய பேறு மாதிரி விற்றார்கள். இங்கே வள்ளலார் பார்வையில், மனிதனுடைய "நான்" கரைவது பசியின் வேலை, அது துன்பம். சோறு போட்டால் என்ன ஆகிறது? ராஜா மறுபடி ராஜாவாகிறான், வீரன் வீரனாகிறான், முனிவர் காட்டுக்குத் திரும்பிப்போய் விட்ட இடத்திலிருந்து தியானம் பண்ணலாம், மானஸ்தர் தலைநிமிர்ந்து நடக்கலாம். என்னை மாதிரி உம்மணாமூஞ்சி, சாப்பிட்டுவிட்டு யாரோடும் பேசாமல் பஸ் ஏறலாம். ஒருவனை அவனாகவே திருப்பிக் கொடுப்பதுதான் அந்த அடுப்பின் வேலை, கூட்டத்தில் கலப்பது கிடையாது. ஆன்மநேய ஒருமைப்பாடு என்று சுவர் சுவராக எழுதிவைத்திருக்கிற அந்த நீளமான சொல்லை நான் இத்தனை நாள் எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிடுவது என்று புரிந்துவைத்திருந்தேன். அவர் சொல்வது உறவு முறை. ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒருத்தருக்கு அடிபட்டால் இன்னொருத்தருக்குப் பதறுமே, அந்த மாதிரி. அண்ணன் தம்பி என்றால் ஒரே ஆள் என்று அர்த்தமா என்ன, எங்கள் வீட்டில் வந்து பாருங்கள்.

அதே சுவர்களில் இன்னொன்றும் எழுதியிருக்கும்: பசித்திரு, தனித்திரு, விழித்திரு. வள்ளலார் பெயரில் தமிழ்நாடே சொல்கிற மூன்று வார்த்தை. பசித்தவனுக்குச் சோறு போடுகிற இடத்தில் "பசித்திரு"வா என்று ஒரு காலத்தில் நக்கல் அடித்திருக்கிறேன். இப்போது எனக்கு நடுவில் இருக்கும் வார்த்தைமேல்தான் கண். அங்கே ஓயாமல் ஒலிக்கிற மகாமந்திரத்திலும் பாருங்கள், அருட்பெருஞ்ஜோதி, தனிப்பெருங்கருணை. கருணைக்கு முன்னாலும் "தனி" வந்து நிற்கிறது. நம் மொழியில் தனி என்றால் ஒதுங்கியது என்றும் அர்த்தம், ஈடில்லாதது என்றும் அர்த்தம். தனிக்குடித்தனம் என்றால் மாமியார் முகம் வாடும், தனி ருசி என்றால் சமையல்காரர் முகம் மலரும். ஒரே சொல்தான்.

அவருமே அப்படிப்பட்ட ஆள்தான் போலிருக்கிறது. 1823-ல் மருதூரில் பிறந்து, சென்னை ஏழுகிணறில் வளர்ந்து, வீட்டார் வற்புறுத்தியதால் கல்யாணம் செய்துகொண்டும் அதில் ஒட்டாமல், கூட்டம் சேரச் சேர விலகி விலகிப் போனவர். சென்னையிலிருந்து கருங்குழி, கருங்குழியிலிருந்து வடலூர், 1870-ல் வடலூரும் வேண்டாமென்று மேட்டுக்குப்பம். பாடல்களை அச்சுப் போட்டபோது தன் பெயரை இராமலிங்கசாமி என்று போடக்கூடாது, அது ஆரவாரமாக இருக்கிறது என்று கடிதம் எழுதியிருக்கிறார். அந்தப் பாடல்களை எப்படியாவது வாங்கி அச்சேற்றிவிட வேண்டுமென்று துடித்த இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் கைக்கு வருகிற வரை ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று எழுதிவிட்டார். வள்ளலார் ஆடிப்போய்விட்டார். புகழுக்கு அசையாத மனிதர், ஒருத்தர் சாப்பிடாமல் இருக்கிறார் என்றதும் அசைந்தார். திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறை அச்சானதும் 1867-தான், அடுப்பு பற்றவைத்த அதே வருடம்.

இப்போது எனக்கு உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். பாராட்டி மட்டும் எழுதினால் அது விமர்சனம் ஆகாது.

தருமச்சாலைக்குக் கொஞ்ச தூரத்தில் சத்திய ஞான சபை. 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று தொடங்கியது. எட்டுக்கோண மண்டபம், உள்ளே ஜோதி, அதற்கு முன்னால் கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என்று ஏழு திரை. மாதப் பூசத்தில் ஆறு திரையை விலக்குவார்கள், தைப்பூசத்தில் மட்டும் ஏழும் விலகும். எல்லாம் சரி, வாசலில் ஒரு அறிவிப்பு: கொலை, புலை தவிர்த்தவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். அதாவது உயிரைக் கொல்லாத, புலால் உண்ணாதவர்கள். நான் முந்தின நாள் ராத்திரி சங்கரா மீன் வறுவல் சாப்பிட்டவன். யாரும் வாயை மோந்து பார்க்கப் போவதில்லை, உள்ளே போயிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் கால் நகரவில்லை. நாற்பது வருடமாகக் கவிச்சி தொடாத அத்தை உள்ளே போனார், நான் வெளியே செருப்புக்குக் காவல்.

நின்றுகொண்டே கொஞ்சம் கோபமாக யோசித்தேன். எல்லா உயிரும் ஒன்று என்கிற இடத்தில் வாசலில் கோடு எதற்கு? "புலை" என்ற அந்தச் சொல்லே இன்றைக்குக் காதில் இடறுகிறது. இந்த ஊரில் சாப்பாட்டை வைத்து யாரையெல்லாம் எங்கெல்லாம் நிறுத்தினார்கள் என்பது தெரியாதவர்களா நாம். சாதியையும் சமயச் சண்டையையும் பிள்ளை விளையாட்டு என்று பாடியவர்தான் வள்ளலார், அவர் கோடு போட்டது பிறப்பை வைத்து இல்லை, கத்தியை வைத்து. கோழியின் பக்கமிருந்து பார்த்தால் அந்தக் கோடு நியாயம்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் உறுத்தல் உறுத்தல்தான், அது முழுக்கப் போய்விடவில்லை.

பிறகு தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. கொன்று தின்கிறவர்களைத் தன் உறவினத்தார் இல்லை, புறவினத்தார் என்றே அவர் பாடியிருக்கிறார், பூசி மெழுகவில்லை. ஆனால் அந்தப் புறவினத்தாருக்கும் பசியை மட்டும் தீர்த்துவிடு என்று அதே பாட்டில் சொல்கிறார். ஆக நான் அவருடைய கணக்கில் வெளியாள். வெளியாளுக்கு என்ன சேரவேண்டும் என்பதும் அவருடைய கணக்கில் இருக்கிறது, அது எனக்கு ஒரு மணி நேரம் முன்னால் சூடாகக் கிடைத்துவிட்டது. நீயும் நானும் ஒன்று என்று கட்டிப்பிடித்துவிட்டுக் கடைசியில் தள்ளுபடிக் கூப்பன் நீட்டுகிறவர்களைவிட, நீ வேறு நான் வேறு, உட்கார், முதலில் சாப்பிடு என்கிற ஆளிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். பசித்தவனிடம் தேசம், சமயம், சாதி, செய்கை எதையும் விசாரிக்காதே என்று ஜீவகாருண்ய ஒழுக்கத்திலும் சொல்லியிருக்கிறார். அந்தச் "செய்கை" என்ற வார்த்தைக்குள் என் சங்கரா மீனும் அடக்கம் என்று வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்த அத்தையிடம் "நான் உள்ள வரலன்னு வருத்தமா அத்தை?" என்று கேட்டேன். "உனக்குத் தோணுறப்ப வா. இப்ப வெயில்ல நின்னியே, மோர் குடிச்சியா?" என்றார். நாற்பது வருடத்தில் ஒரு தடவைகூட என்னிடம் மீனை விடு என்று அவர் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குப் போனால் எனக்கென்று முட்டை வாங்கி வைப்பார், அதற்குத் தனிச் சட்டி.

மேட்டுக்குப்பத்துக்கும் போய் வந்தோம், வடலூரிலிருந்து சில கிலோமீட்டர்தான். 1874 ஜனவரி 30 இரவு அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட அறை அங்கே இருக்கிறது, சித்தி வளாகம் என்று பெயர். சித்தி, ஜோதியில் கலந்தார், வேறு ஏதோ நடந்தது என்று பேச்சுகள் பல உண்டு, அதை இங்கே கிளறவில்லை. "கடை விரித்தோம், கொள்வாரில்லை, கட்டிவிட்டோம்" என்று கடைசிக் காலத்தில் சொன்னதாகச் சொல்வார்கள். விமர்சனம் எழுதுகிறவனுக்கு அந்த வரி கொஞ்சம் அதிகமாகவே குத்தும். கொள்வாரில்லை என்று அவர் சொன்னது சரக்கைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் சாப்பாட்டுக்கு வரிசை நின்றுகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது தடவை தனியாகப் போனேன், ஒரு புதன்கிழமை, பூசமும் இல்லை ஒன்றும் இல்லை. அத்தை கொடுத்துவிட்ட அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் இறக்கினேன். பெயர் எழுதிக்கொள்ளட்டுமா என்றார்கள், அத்தை பெயரைச் சொன்னேன். கூட்டம் குறைவு, பந்தியில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் காலி. இத்தனை வருடம் நான் தேடிய ஓரத்து இலை அன்றைக்குத் தானாக வாய்த்தது. சாப்பாடு அதே மாதிரிதான். ஆனால் ரசம் ஊற்றும்போது இடது பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டு, என் இலையின் நுனியை நானே கிள்ளி, மடித்து, அடியில் சொருகிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த காலேஜ் பையன் அதையே வேடிக்கை பார்த்தான். அவன் இலைக்கும் ஒன்று கிள்ளி வைத்தேன். அவன் "தேங்க்ஸ் ண்ணா" என்று ஏதோ பேச ஆரம்பித்தான். நான் தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டேன், பழக்கதோஷம்.

போகிறவர்களுக்கு: என்னைப்போலக் கூட்டம் ஆகாது என்றால் தைப்பூசத்துக்குப் போகாதீர்கள், வார நாளில் போங்கள். ஏழு திரையும் விலகுவதைப் பார்க்க வேண்டுமென்றால் தைப்பூசம்தான், அதற்குக் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தரையில் சம்மணம் போட வசதியான உடுப்பு நல்லது, இறுக்கமான ஜீன்ஸில் நான் பட்டது போதும். கொடுக்க விரும்புகிறவர்கள் அரிசி, பருப்பு, காய்கறி, காசு எதுவும் கொடுக்கலாம், கொடுக்காமலும் வரலாம், முகம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. பசியில்லாமல் போகாதீர்கள். சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று டிபன் முடித்துவிட்டுப் போனால் அந்த இடத்தின் பாதி புரியாது.

மேப்பில் இதற்கு ஐந்து நட்சத்திரம் போடப் போனேன். சாப்பாட்டுக்கு மட்டும் என்றால் மூன்றரை கொடுத்திருப்பேன், ரசத்துக்காக நான்கு. போட்டதும் வழக்கமான கேள்விகள் வந்தன. பரிமாறுதல் எப்படி, சூழல் எப்படி, ஒருவருக்கு எவ்வளவு செலவானது? கடைசிக் கேள்விக்கு அவர்கள் கொடுத்த பட்டியலில் ஆகக் குறைந்தது ஒரு ரூபாயில் ஆரம்பித்தது. அதற்கும் கீழே ஒன்றும் இல்லை. அதை நிரப்பாமல் விட்டுவிட்டு அனுப்பினேன்.